பிரிட்டனில் வாழ்ந்து திரும்பிய பெரியவர்களின் நினைவுகளை எழுதி வைக்கும் முறை

பெங்களூருவில் அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களில், 1960களிலும் 1970களிலும் செவிலியராகவோ மருத்துவராகவோ மாணவராகவோ பிரிட்டனில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் பேசத் தொடங்கினால், கேட்ட கதைதானே என்று வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் பிரிட்டன் இன்று பிரிட்டனிலேயே இல்லை. அவர்கள் விட்டுப் போன பெங்களூரும் இன்று இங்கே இல்லை. மறைந்துபோன இரண்டு ஊர்களும் ஒரே மனிதரின் நினைவில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பதால், அவற்றை எழுதி வைப்பது அவசரமான காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். லீட்ஸ் நகரத்தில் செவிலியராக வேலை பார்த்த என் அத்தையின் நினைவுகளை எழுதியபோது பழகிக்கொண்ட முறையை இங்கே சொல்கிறேன்.

முதலாவதாக, "அந்தக் காலத்தில் இங்கிலாந்து எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால், ஊர் சுத்தமாக இருந்தது, மனிதர்கள் நேர்மையாக இருந்தார்கள் என்ற பொதுப்பேச்சுதான் வரும். கையால் தொட்டுப் புழங்கிய ஒரு பொருளைப் பற்றிக் கேட்க வேண்டும். வாடகை அறைகளில் அக்காலத்தில் காசு போட்டால் எரிவாயு தரும் மீட்டர் இருந்தது. அதைப் பற்றித்தான் அத்தையிடம் நான் முதலில் கேட்டேன்.

"அத்தை, அந்த மீட்டர் ரூம்ல எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"கட்டிலுக்குப் பக்கத்துல, தரையோட தரையா இருந்துச்சும்மா. குனிஞ்சுதான் காசு போடணும். ஒரு ஷில்லிங் போட்டுத் திருகினா உள்ள விழற சத்தம் கேட்கும்."

அந்த ஒரு கேள்வியிலிருந்து ஒரு குளிர்காலம் முழுவதும் வெளியே வந்தது. ஷில்லிங்குகளைச் சேர்த்து வைத்த காலி ஜாம் பாட்டில், சோறு பாதி வெந்திருக்கும்போது அடுப்பு அணைந்துபோனது, பக்கத்து அறையில் இருந்த அயர்லாந்து நர்ஸின் கதவைத் தட்டி ஒரு ஷில்லிங் கடன் வாங்கியது, மீட்டரைத் திறக்க வரும் ஊழியர் காசுகளை மேசையில் கொட்டி அடுக்கடுக்காக எண்ணிக் கணக்குப் பார்த்து, கூடுதலாக விழுந்திருந்த தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது என்று எல்லாமே அந்த மீட்டரைச் சுற்றியே இருந்தன. அவர் திருப்பிக் கொடுத்த காசை அத்தை மறுபடியும் ஜாம் பாட்டிலில்தான் போட்டாராம். பால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் கண்ணாடிப் பாட்டில்களைப் பற்றிக் கேட்டாலும் இப்படித்தான் விவரங்கள் வரும்: கழுவி வெளியே வைத்த காலி பாட்டில்கள், மூடியின் வண்ணத்தை வைத்துப் பாலின் தரம் அறிந்தது, ஏடு குடிக்க அந்த உலோகத்தாள் மூடியைக் கொத்திக் கிழிக்கும் சிறு குருவிகள். அறையைச் சூடாக்கிய மண்ணெண்ணெய் ஹீட்டர், நிலக்கரிப் புகை படிந்து கறுத்த கட்டடங்கள், ஊருக்கு எழுதிய நீல நிற விமான அஞ்சல் தாள் ஆகியவற்றையும் கேட்கலாம்.

பணத்தைப் பற்றித் தனியாக ஓர் அமர்வு ஒதுக்குவது நல்லது. 1971 பிப்ரவரி 14 வரை பிரிட்டனில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். மறுநாள் முதல் ஒரு பவுனுக்கு 100 பென்ஸ் ஆனது. இந்தியாவில் இதே மாற்றம் 1957 ஏப்ரல் 1 அன்றே நடந்துவிட்டது. அதாவது, பெங்களூரில் பள்ளிச் சிறுமியாக அணாவை மறந்து நயா பைசா பழகிய என் அத்தை, லீட்ஸ் போய் மறுபடியும் பன்னிரண்டிலும் இருபதிலும் கணக்குப் போடக் கற்றுக்கொண்டு, சில ஆண்டுகளிலேயே மறுபடியும் நூறுக்கு மாறினார். அங்கே கடை வாசலில் தடுமாறி நின்ற ஆங்கிலேய மூதாட்டிகளுக்குப் புதுக் காசை எண்ணிக் கொடுத்து உதவியவர் அவர். காலம் மாறும்போது ஏற்படும் தடுமாற்றத்தை ஊருக்கு முன்பே பட்டு முடித்தவர் என்ற இந்த நிலையை எந்த வரலாற்று நூலிலும் தேட முடியாது, கேட்டால்தான் தெரியும். பெரியவரின் பெட்டியில் பழைய காசு ஏதேனும் இருந்தால் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

அடுத்த வேலை, சொன்னவற்றுக்கு ஆண்டு குறிப்பது. "எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரியவர்கள் சங்கடப்படுவார்கள், அல்லது ஏதோ ஓர் ஆண்டைச் சொல்லி வைப்பார்கள். அதற்குப் பதிலாக, ஊரறிந்த நிகழ்வுகளை முளைக்குச்சிகளாக நட்டு வைத்துக்கொண்டு, சொந்த நினைவுகளை அவற்றில் கட்ட வேண்டும். 1962 டிசம்பர் இறுதியில் விழத் தொடங்கிய பனி 1963 மார்ச் தொடக்கம் வரை கரையாமல் கிடந்த குளிர்காலம் ஒன்று. 1976ஆம் ஆண்டின் வறட்சி இன்னொன்று. அந்த ஆகஸ்டில் வறட்சிக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள், சில பகுதிகளில் மக்கள் தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தார்கள். 2024 கோடையில் பெங்களூருவின் பல பகுதிகள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோதுதான் அத்தைக்கு இது நினைவுக்கு வந்தது. இங்கே நடக்கும் ஒன்று அங்கே நடந்ததைக் கிளப்பிவிடும் இத்தகைய நேரங்களில் கையில் நோட்டு இருக்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றிய நினைவுகளில் கவனம் தேவை, ஏனெனில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகக் கலந்துவிடும். 1972 பிப்ரவரியில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது வீடுகளுக்குப் பகுதி வாரியாக முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். 1974 ஜனவரி முதல் மார்ச் வரை, தொழிற்கூடங்களும் அலுவலகங்களும் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே மின்சாரம் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அதையொட்டி, 1973 டிசம்பர் முதல் சில வாரங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இரவு பத்தரை மணிக்கே முடிந்துவிட்டன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சமைத்தேன் என்பவரிடம், "டிவி சீக்கிரம் முடிஞ்சுபோன குளிர்காலமா, அதுக்கு முந்தினதா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நம்ப முடியாததாகத் தோன்றும் நினைவை அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்கும் விடியாத இருட்டில் வேலைக்கு நடந்து போனதாக அத்தை சொன்னபோது, மிகைப்படுத்துகிறார் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உண்மை என்னவென்றால், 1968 அக்டோபர் முதல் 1971 அக்டோபர் வரை பிரிட்டன் ஒரு சோதனையாகக் குளிர்காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்திருந்தது. அந்த மூன்று குளிர்காலங்களில் லீட்ஸில் டிசம்பர் இறுதியில் சூரியன் ஒன்பது மணிக்குப் பிறகுதான் உதித்தது. அத்தை சொன்னது அப்படியே சரி. அது மட்டுமல்ல, அதே மூச்சில் அவர் சொன்ன மற்ற நிகழ்வுகளும் எந்த மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கும் என்பதும் இதனால் தெரிந்தது. ஆகவே, பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது பேரப்பிள்ளைகள் போனில் தேடிப் பார்த்து மறுத்துப் பேசுவதை அனுமதிக்காதீர்கள். சரிபார்க்கும் வேலையை அவர் தூங்கப் போன பிறகு செய்யலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது, ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு தேதிகள் எழுதுவது: நடந்த காலம் ஒன்று, அதைச் சொன்ன நாள் மற்றொன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியே கிடந்தன. பெங்களூருவின் கடைத்தெருவான கமர்ஷியல் ஸ்ட்ரீட் நெரிசலில் சிக்கித் திரும்பிய ஒரு மாலையில், "லீட்ஸ்ல ஞாயித்துக்கிழமைன்னா ஊரே அமைதியா இருக்கும், அது மாதிரி வருமா?" என்று அத்தை சொன்னார். ஆனால் அவரே லீட்ஸிலிருந்து தன் அம்மாவுக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை விடிந்தாலே பயமாக இருக்கிறது, தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, நம்மூர் ரஸ்ஸல் மார்க்கெட்டின் கூச்சலை ஒரு நாள் கேட்டால் போதும் என்று இருக்கிறது. அதே ஞாயிறு அன்று தனிமையாக இருந்தது, இன்று அமைதியாக இருக்கிறது. இவற்றில் ஒன்று பொய் என்று முடிவு கட்டி மற்றொன்றை மட்டும் எழுதினால் அந்த வாழ்க்கையில் பாதி போய்விடும். இரண்டையும் தேதியிட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அங்கே இருந்தபோது இங்குள்ள எதற்காக ஏங்கினார் என்பதையும் தவறாமல் கேளுங்கள்; பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை.

ஏக்கம் மூடி மறைப்பவையும் உண்டு. நிறத்தைக் காரணம் காட்டி வாடகைக்கு அறை தர மறுப்பது 1968ஆம் ஆண்டின் இனவுறவுச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே சட்டவிரோதமானது. தொலைபேசியில் அறை காலியாக இருப்பதாகச் சொன்ன வீட்டுக்காரர், வாசலில் அத்தையின் முகத்தைப் பார்த்ததும் இப்போதுதான் கொடுத்துவிட்டேன் என்று கதவைச் சாத்தியதை, பல அமர்வுகள் கடந்த பிறகே அவர் சொன்னார். இதைக் கூட்டத்தில் கேட்கக் கூடாது. தனியாக இருக்கும்போது ஒரு முறை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். சொன்ன பிறகு, இதை எழுதலாமா என்று மறுபடியும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் எழுதக் கூடாது.

பதிவு செய்ய கைபேசியே போதும். மின்விசிறியை நிறுத்தி, தெருப்பக்கச் சன்னலை மூடி, கைபேசியை மேசையில் மடித்த துண்டின் மேல் வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே நாளையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். எழுத்தில் பெயர்க்கும்போது அவர் பேச்சைச் செந்தமிழாக்காமல், இடையில் வரும் கன்னடச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அவர் உச்சரித்தபடியே விட்டுவிட வேண்டும். புகைப்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் குறிக்கலாம். பேனா மை காலப்போக்கில் மறுபக்கம் ஊறிவிடும். கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், அது தாளைக் கெடுக்கும். படம் எடுத்துவிட்டு மூலத்தை அமிலமற்ற தாள் உறையில் வையுங்கள். பிரதிகள் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

அடுத்த அமர்வைத் தொடங்கும் முன், முந்தைய அமர்வில் எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். காது மந்தமானவர் என்றால் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். அவர் சொல்லும் திருத்தத்தைப் பழைய வரியை அழிக்காமல், அதன் ஓரத்தில் அன்றைய தேதியுடன் எழுதி வையுங்கள்.