எத்தனை கிளாஸ் கட் அடிக்கலாம்? உங்கள் முதல் இணையதளத்தை நீங்களே செய்து வெளியிடுங்கள்

இரண்டாம் ஆண்டு முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பார்க்கும்போது எல்லாம் புரியும். எடிட்டரைத் திறந்தால் முதல் வரிக்கே கை ஓடாது. கடைசியில் எனக்குக் கோடிங் பழக்கிவிட்டது ஒரே பக்கத்தில் அடங்கிய ஓர் அட்டெண்டன்ஸ் கால்குலேட்டர். அதையே இங்கே செய்யப் போகிறோம். ஒரு லேப்டாப், ஏதாவது ஓர் எடிட்டர் (நான் விஎஸ் கோட் வைத்திருக்கிறேன்), கோடைச் சேமித்து இணையத்தில் வெளியிட உதவும் கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்கு. இவ்வளவு போதும், காசு செலவில்லை.

முதலில் பேப்பரில் கணக்கு

லேப்டாப்பை மூடி வையுங்கள். பல கல்லூரிகளில் 75 சதவீத வருகை கட்டாயம். நடந்த வகுப்புகள் 50, நீங்கள் போனது 42 என்றால் உங்கள் வருகை 84 சதவீதம். இன்னும் எத்தனை நாள் டீக்கடையில் உட்காரலாம்? போன எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 56. அதில் நடந்த 50-ஐக் கழித்தால் 6. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 56-க்கு 42 என்பது சரியாக 75 சதவீதம். வகுக்கும்போது மீதி வந்தால் தசமத்தை வெட்டிவிடுங்கள், மேலே ஏற்றாதீர்கள். ஏற்றினால் ஒரு வகுப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு வேறு கணக்கு. நடந்ததை 3-ஆல் பெருக்கி, போனதை 4-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 45-க்கு 30 போனவருக்கு 135-இலிருந்து 120 போக 15. அதாவது அடுத்த 15 வகுப்பும் விடாமல் போனால்தான் 60-க்கு 45 ஆகும்.

பக்கம்

ஒரே ஓர் எச்டிஎம்எல் (இணையப் பக்கம் எழுதும் மொழி) கோப்பு. இரண்டு இன்புட் பெட்டி, ஒரு பட்டன், பதில் வர ஒரு காலி வரி. அழகுபடுத்த உட்காராதீர்கள், இரண்டு நாள் காணாமல் போய்விடும். பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் மெட்டா டேக் வரியை மட்டும் மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியும். உங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் திறப்பார்கள்.

ஸ்கிரிப்ட்

பட்டனை அழுத்தியதும் இரண்டு பெட்டியையும் படித்து, மேலே போட்ட கணக்கைப் போட்டு, பதிலைக் காலி வரியில் எழுத வேண்டும். பத்து பதினைந்து வரிதான். போனது நடந்ததைவிட அதிகமாக இருந்தால் ‘தப்பு’ என்று சொல்லவும் ஒரு நிபந்தனை வைத்தேன். 50, 42 கொடுத்துப் பார்த்தேன், ஓடியது. 45, 30 கொடுத்தேன், அதுவும் ஓடியது. பெருமையாக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

செமஸ்டர் தொடங்கிய புதிது. ஒருவன் 10-க்கு 9 என்று அடித்திருக்கிறான். ‘தப்பு’ என்று வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டோடு சிரிப்பு ஸ்டிக்கர் வேறு.

கணக்கில் பிழை இல்லை. பெட்டியின் வகையை நம்பர் என்று கொடுத்திருந்தாலும், அதன் வேல்யூ ஸ்கிரிப்டுக்கு எழுத்தாகத்தான் வந்து சேரும். இரண்டு எழுத்துத் தொடர்களை ஒப்பிடும்போது ஜாவாஸ்கிரிப்ட் அகராதி வரிசையில் பார்க்கிறது. 1-க்குப் பின்னால் வருவது 9, ஆகவே 10-ஐவிட 9 பெரிது! 42, 50 இரண்டும் ஈரிலக்கம் என்பதால் என் சோதனையில் இது தெரியவில்லை. பெருக்கலும் கழித்தலும் எழுத்தைத் தாமாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும், அதனால் பதிலும் சரியாக வந்தது. கூட்டல் அப்படியில்லை, 45-உடன் 15-ஐக் கூட்டச் சொன்னால் 4515 என்று ஒட்டிக் கொடுக்கும். பெட்டியைப் படித்த உடனே நம்பர் ஃபங்ஷனில் போட்டு எண்ணாக்கிவிடுங்கள். அப்படியே மொத்தம் 0 என்று யாராவது அடித்தால் என்ன சொல்வது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். யாராவது கட்டாயம் அடிப்பார்கள்.

வெளியிடுதல்

கிட்ஹப்பில் பப்ளிக்காக ஒரு ரெப்போ (கோப்புகளை வைக்கும் இடம்) திறந்து கோப்பை ஏற்றுங்கள். செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய் மெயின் கிளையை (main branch) தேர்ந்தெடுத்துச் சேமித்தால், சில நிமிடங்களில் உங்களுக்கென்று ஒரு முகவரி கிடைக்கும். கோப்பின் பெயர் ‘index.html’ என்று இருக்க வேண்டும், எல்லாம் சிறிய எழுத்தில். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, கிட்ஹப் பார்க்கும். முதல் எழுத்து பெரிதாக இருந்ததால் ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 பக்கத்தையே வெறித்துக்கொண்டு நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியிட்ட பிறகு

லிங்க்கை அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர் கையில் போனைக் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். என் நண்பன் பெட்டிகளை மாற்றி நிரப்பினான். நான் ‘மொத்தம்’ என்று எழுதியிருந்ததை அவன் மொத்தமாகப் போன வகுப்புகள் என்று படித்திருக்கிறான். ‘இதுவரை நடந்தவை’ என்று மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது.

அப்புறம் கோரிக்கைகள் வரும். ஓ.டி. (ஆன் டியூட்டி) நாட்களைச் சேர்க்க வேண்டும், லேபுக்கு மூன்று பீரியட் கணக்கு என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இறங்காதீர்கள். எனக்கு அதிகம் வந்த கோரிக்கை, தினமும் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான். அதற்கு சர்வர் எதுவும் தேவையில்லை. பிரவுசர் தனக்குள்ளேயே தகவலைச் சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் இரண்டு எண்களையும் போட்டு வைத்தால் மறுமுறை பக்கத்தைத் திறக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். போடும்போது எண்ணாகத்தான் போடுவீர்கள். எடுக்கும்போது அது எழுத்தாகத்தான் வரும். மறுபடியும் 10-க்கு 9 அடித்துப் பாருங்கள்.