ஃபெரியாலே என்றால் விடுமுறை இல்லை

இத்தாலி மொழி படிக்க இத்தாலியின் பெருஜா நகரத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் கொடுக்கலாம் என்றால், நான் வணக்கம் சொல்லும் 'புவோன்ஜோர்னோ'வை விட்டுவிட்டு 'ஃபெரியாலே'யைத்தான் சொல்லிக் கொடுப்பேன். அந்தச் சொல்லைத் தப்பாகப் படித்ததற்கு நானும் என் அறைத்தோழனும் கட்டிய அபராதம் எண்பது யூரோ. நம்மூர்க் காசில் ஏழாயிரத்துக்கு மேல்.

காகித வேலைகளை முதலில் முடித்துவிடுவோம். வந்து இறங்கிய 8 வேலைநாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு, அதாவது பெர்மெஸ்ஸோவுக்கு, விண்ணப்பிக்க வேண்டும். எல்லாத் தபால் நிலையத்திலும் வாங்க மாட்டார்கள். 'ஸ்போர்த்தெல்லோ அமீகோ' என்று பலகை வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒட்ட வேண்டிய 16 யூரோ ஸ்டாம்ப் தபால் நிலையத்தில் இல்லை, 'தபாக்கி' என்கிற சிகரெட் கடையில்தான் கிடைக்கும். ஏன் என்று கேட்காதீர்கள். அனுமதி அட்டை கைக்கு வரும்வரை, விண்ணப்பித்ததற்குத் தரும் ரசீதுதான் உங்கள் ஜாதகம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கோதிச்சே ஃபிஸ்காலே. நம்மூர் பான் எண் மாதிரி. வீடு, வங்கி, சிம் எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். சரி, இவ்வளவுதான். இதையெல்லாம் உங்கள் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது வேறு.

மூன்றாவது மாதம் வரும்போது உங்களுக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயம் தேவைப்படும். காலையில் நான்கு மணி நேரம் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டி, மாலையில் அரிசி கிடைக்கும் கடையைத் தேடி மலை ஏறி இறங்கி, இரவில் கனவில்கூட 'அன்தாவோ, அன்தாவி' என்று புலம்புகிற கட்டம் அது. அதற்காக வகுப்பை வெட்டாதீர்கள், வருகைப் பதிவு பின்னால் வம்பாகும். இந்த நாட்டில் அரசு விடுமுறைக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15, நவம்பர் 1. விடுமுறை வியாழனில் வந்தால் வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள், அதற்குப் 'பாலம் கட்டுவது' என்று பெயர். நம் ஆட்கள் இந்த விஷயத்தில் இவர்களிடம் கற்க ஒன்றும் இல்லை.

ஆனால் விடுமுறையைக் கழிக்கிற விதத்தில் கற்க நிறைய இருக்கிறது. கும்பகோணத்தில் பஸ் ஏறி ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் நாம். வந்த புதிதில் நானும் அதே வேகத்தில் அசிசி, ஸ்பெல்லோ, ஃபொலிஞ்ஞோ என்று ஒரு ஞாயிறில் மூன்று ஊரை முடித்தேன். இன்று எது எந்த ஊர் என்று நினைவில்லை. ஒரு ஊருக்குப் போய், ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போதும்.

நாங்கள் போனது த்ராசிமேனோ ஏரிக்கு, ஒரு ஜூன் 2 அன்று. 1946இல் மன்னராட்சி வேண்டாம் என்று வாக்களித்த நாள், நாட்டுக்கே விடுமுறை. பெருஜாவிலிருந்து ரயிலில் தெரோந்தொலா போய், அங்கே மாறி, ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் காஸ்தில்யோனே தெல் லாகோவில் இறங்கினோம். திரும்பும்போது மாறுகிற தொல்லை வேண்டாம், நேரே பெருஜாவுக்குப் போகும் பஸ்ஸில் வந்துவிடலாம் என்பது திட்டம். இறங்கியதும் பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையையும் பார்த்தோம். இரண்டு பகுதி. ஒன்றின் தலைப்பு 'ஃபெரியாலே', இன்னொன்று 'ஃபெஸ்தீவோ'. வகுப்பில் 'ஃபெரியே' என்றால் விடுமுறை என்று படித்திருந்தோம் அல்லவா? இரண்டு மேதைகளும் ஃபெரியாலே பகுதியில் விரலை ஓட்டி, மாலை ஆறரைக்கு ஒரு பஸ் இருப்பதைக் கண்டு, படம்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டோம்.

அந்தப் பகல் நன்றாகத்தான் போனது. ஏரியைப் பார்த்ததும் எனக்கு வீராணம். எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயில். அந்தக் கரையில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன். த்ராசிமேனோ 128 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடந்தாலும் ஆழம் ஆறு மீட்டரைத்தான் எட்டும். கரையோர நாணலும் அசையாத தண்ணீரும், கொஞ்சம் சேற்று வாடையும் அப்படியே நம் ஏரி. கிமு 217இல் ஹனிபால் ரோமப் படையை மடக்கி அழித்தது இதன் வடகரையில்தான் என்று என் தோழன் கைபேசியைப் பார்த்து வாசித்தான். அவன் மதுரைக்காரன், எங்கே போனாலும் சண்டைக் கதை வேண்டும்.

மதியம் தேகமாச்சோ என்று ஒன்று சாப்பிட்டோம். ஏரி மீன்களைத் தக்காளியோடு மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைப்பது. புளி இல்லை, மிளகாய் போதாது. ஆனாலும் சட்டியைப் பார்த்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கூடவே ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ஒரு குட்டிப் பயறு வந்தது. ஃபஜொலீனா என்றார்கள். வாயில் போட்டால் நம் தட்டைப்பயறு! பிறகு தேடிப் பார்த்தேன், உண்மையிலேயே அதே இனம்தான். தேங்காய்த் துருவலும் கடுகும் இல்லாத சுண்டல்.

ஆறு மணிக்கே நிறுத்தத்துக்கு வந்தோம். ஆறரை ஆனது. ஏழும் ஆனது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை என்பதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். நாயோடு வந்த ஒரு பாட்டியிடம் கேட்டோம். அவர் அட்டவணையைத் தட்டி, "ஓஜ்ஜி எ ஃபெஸ்தீவோ, ரகாத்சி" என்றார். பசங்களா, இன்று ஃபெஸ்தீவோ. அந்தப் பகுதியில் மாலைக்கு மேல் ஒன்றும் இல்லை. ரயில் நிலையத்துக்கு ஓடினோம். தெரோந்தொலாவில் பெருஜா ரயிலைப் பிடித்துக்கொடுக்கும் கடைசி வண்டி போய்விட்டது. டாக்ஸிக்காரர் எண்பது என்றார். பேரம் பேச எனக்கு அப்போது வாயில் வந்தது நிகழ்கால வினை மட்டும்.

பலெர்மோவில் ஈழத்தமிழர் நிறையப் பேர் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். அங்கே இருக்கும், எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரிடம் அன்றிரவு போனில் புலம்பினேன். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமாயிற்று. "தம்பி, ஃபெரியாலே எண்டால் வேலைநாள். இதைப் பள்ளிக்கூடத்தில சொல்லித் தரேல்லையோ?" சொல்லித் தரவில்லை அக்கா. ஆசைகளுக்கும் சந்தேகங்களுக்கும் உரிய வினைவடிவம் எல்லாம் சொல்லித் தந்தார்கள்.

மறுநாள் ஆசிரியையிடம் சண்டைக்குப் போவது போலவே கேட்டேன். லத்தீனில் 'ஃபெரியா' என்றால் திருநாள்தானாம். தேவாலய நாட்காட்டியில் திங்களை இரண்டாம் ஃபெரியா, செவ்வாயை மூன்றாம் ஃபெரியா என்று எண்ணிக்கொண்டே போக, கடைசியில் அந்தச் சொல் சாதாரண நாளுக்கே ஒட்டிக்கொண்டது. விளக்கம் அழகுதான், எண்பது யூரோ திரும்பி வரவில்லை.

ஆகவே நிறுத்தத்தில் நிற்கும்போது இதைப் பாருங்கள். ஃபெரியாலே என்பது திங்கள் முதல் சனி வரை. ஆம், சனிக்கிழமையும் வேலைநாள் கணக்குதான். சனியை விலக்கினால் அதைத் தனியாக எழுதியிருப்பார்கள். ஃபெஸ்தீவோ என்பது ஞாயிறும் அரசு விடுமுறைகளும். எழுத்து இல்லாமல் குறி மட்டும் இருந்தால், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் வேலைநாள், சிலுவை விடுமுறை. 'ஸ்கொலாஸ்திகோ' என்று இருந்தால் பள்ளி நடக்கும் நாளில் மட்டும் ஓடும் பஸ். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை அதைக் கனவில்தான் பார்க்கலாம். பஸ் டிக்கெட் விற்கும் தபாக்கிகளும் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும், ஆகவே திரும்பி வரும் டிக்கெட்டையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். மதியம் இரண்டரை தாண்டினால் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போதும் மாதம் ஒரு முறை அந்த ஏரிக்குப் போகிறேன், சனிக்கிழமைகளில், புளிச்சோறு கட்டிக்கொண்டு. போன முறை ஒரு பொட்டலம் ஃபஜொலீனா வாங்கி வந்து வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். விலையைக் கேட்டவர், "நம்ம கொல்லையில மாடு திங்கிற தட்டப்பயறுக்காடா இவ்வளவு காசு குடுத்த?" என்று சொல்லிவிட்டு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.