எனக்கும் அழைப்பு இருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கறது

ஊழியத்துக்கு, அதாவது ஆண்டவரோட வேலைய செய்ய, அழைப்புன்னா வானத்துல இருந்து சத்தம் கேக்கணும், இல்லன்னா பைபிள் காலேஜ் முடிச்சிருக்கணும்னு நினைச்சு நானும் ரொம்ப வருஷம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். ஆனா வேதத்துல பாருங்க, மோசே 80 வயசுல மாமனாரோட ஆடு மேய்ச்சிட்டு இருந்தார், கிதியோன் எதிரிகளான மீதியானியருக்கு பயந்து திராட்சை ஆலைக்கு பக்கத்துல ஒளிஞ்சு கோதுமை போரடிச்சிட்டு இருந்தான், மத்தேயு வரி வசூல் பண்ற இடத்துல உட்கார்ந்திருந்தார், ஆமோஸ் நேராவே சொல்றார் நான் தீர்க்கதரிசியும் இல்ல தீர்க்கதரிசியோட மகனும் இல்ல, மந்தை மேய்க்கிறவன், காட்டத்திப்பழம் பொறுக்கறவன்னு. எல்லாருமே வேலைக்கு நடுவுல கூப்பிடப்பட்டவங்க தான். அதனால முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அவசரப்பட்டு வேலைக்கு ராஜினாமா லெட்டர் எழுதாதீங்க.

அடுத்து, கையில என்ன இருக்குன்னு பாருங்க. மோசேகிட்ட ஆண்டவர் கேட்டதே அதான், உன் கையில இருக்கறது என்னன்னு, இருந்தது ஒரு கோல். யோப்பா ஊர் தொற்காள் பிரசங்கம் பண்ணினதா ஒரு வரி கூட இல்ல, துணி தைச்சு கொடுத்தாங்க, அவ்வளவுதான். அவங்க செத்தப்போ விதவைகள் எல்லாம் அழுதுட்டே அவங்க தைச்ச துணிய பேதுருகிட்ட எடுத்து காட்டினாங்க. உங்களுக்கு கணக்கு எழுத வருமா, சமைக்க வருமா, ஒருத்தர் பேசறத பொறுமையா கேக்க வருமா, அங்க இருந்து ஆரம்பிங்க.

அப்புறம் பாரம், அதாவது மனச விட்டு போகாத கவலை. எந்த விஷயம் உங்கள விடாம உறுத்துதுன்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. கூட்டத்துல பாட்டு கேட்டு உருகினது ரெண்டு நாள்ல ஆறிடும், நிஜமான பாரம் ஆறாது. எருசலேம் மதில் இடிஞ்சு கிடக்குதுன்னு பாரசீக ராஜாவுக்கு பானம் பரிமாறிட்டு இருந்த நெகேமியா கேள்விப்பட்டது யூத காலண்டர்ல கிஸ்லேவு மாசம், ராஜாகிட்ட வாய திறந்தது நிசான் மாசம், நடுவுல ஏறக்குறைய நாலு மாசம் உபவாசமும் ஜெபமும்தான். ராஜா என்ன வேணும்னு கேட்டப்போ எத்தனை நாள் லீவு, யாருக்கு கடிதம், எதுக்கெல்லாம் மரம்னு டக்குனு சொல்ற அளவுக்கு யோசிச்சு வச்சிருந்தார் மனுஷன். எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது.

தனியா முடிவு பண்ணாதீங்க. சின்னப்பையன் சாமுவேல் ஆண்டவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் ஆசாரியர் ஏலி தான் கூப்பிடறார்னு எழுந்து ஓடினான், மூணு தடவை. மூணாவது தடவை தான் ஏலிக்கே புரிஞ்சுது, போய் படு, மறுபடி கூப்பிட்டா சொல்லும் கர்த்தாவே அடியேன் கேட்கிறேன்னு சொல்லுன்னார். இத்தனைக்கும் ஏலிக்கு கண்ணு மங்கிப்போச்சு, சொந்த பசங்களையே கண்டிச்சு திருத்த முடியாத ஆளு, ஆனாலும் அந்த சத்தம் யாரோடதுன்னு அவர்தான் கண்டுபிடிச்சார். அப்படி ஒரு பெரியவர் உங்க சபையில இருப்பார், பாஸ்டரா தான் இருக்கணும்னு இல்ல. உங்கள நல்லா தெரிஞ்சவரா இருக்கணும், முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ற தைரியமும் இருக்கணும். ஆமாம்சாமிங்ககிட்ட போய் கன்பர்மேஷன் கேக்காதீங்க. சீட்டு மாதிரி கண்ண மூடிட்டு பைபிள திறந்து வசனம் எடுக்கறதும் வேண்டாமே.

அப்புறம் சின்னதா ஒண்ணு ஆரம்பிச்சு ஆறு மாசம் விடாம செய்ங்க, ஞாயிறு பள்ளியில ஒரு கிளாஸ், வாரம் ஒரு ஆஸ்பத்திரி விசிட், ஏதோ ஒண்ணு. பலன் தெரியலன்னா உடனே அழைப்பு இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க, இங்கிலாந்துல செருப்பு தைச்சிட்டு இருந்த மிஷனரி வில்லியம் கேரி 1793ல இந்தியா வந்தார், முதல் இந்தியருக்கு ஞானஸ்நானம் கொடுக்கறப்போ 1800 டிசம்பர் ஆயிடுச்சு.

முழுநேரமா போகணும்னு தோணினா வீட்ல கணவன் மனைவி உட்கார்ந்து வாடகை, பிள்ளைங்க படிப்பு, கடன் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி பேசுங்க, பேசிட்டு அப்புறமா சபையில சொல்லுங்க. பவுல் கொரிந்துவில கூடாரம் தைச்சு சம்பாதிச்சுட்டே தான் ஓய்வுநாள் தோறும் ஜெப ஆலயத்துல பேசினார், பார்ட் டைம்ங்கறதால அவர் ஊழியம் ஒண்ணும் குறைஞ்சு போகல.