லேசிக் செய்யலாமா? முடிவெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்காக, கண்ணின் முன்புறத்துத் தெளிவான படலமான கருவிழியை (கார்னியா) லேசரால் சீவிச் சரிசெய்வதுதான் லேசிக். அந்தச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள், நான் சேர்ந்த புதிதில் கேட்காமல் விட்ட அதே கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். வருபவர்களும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். 'நல்ல மருத்துவரைப் பாருங்கள்' என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

லென்ஸைக் கழற்றாமல் ஸ்கேனுக்கு வருவது

காண்டாக்ட் லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தையே மாற்றிவைக்கும். கழற்றியதும் பழைய வடிவம் உடனே திரும்பிவிடாது. மென்மையான லென்ஸ் என்றால் 1 முதல் 2 வாரம், கெட்டி லென்ஸ் என்றால் குறைந்தது 3 அல்லது 4 வாரம் இடைவெளி வேண்டும். பல வருடம் போட்டவருக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் ஸ்கேன் எடுத்தால், லென்ஸ் அழுத்திவைத்த வடிவம்தான் பதிவாகும். அந்தக் கணக்கை நம்பி லேசர் சீவிவிடும். சீவிய திசு மறுபடி வளராது.

ஒரு இளைஞர் "கழற்றி ஒரு மாசமாச்சு சார்" என்றார். ஸ்கேனில் கருவிழியின் கீழ்ப்பாதி துருத்திக்கொண்டு தெரிந்தது. கெரடோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோய்) தொடங்கும்போதும் படம் இப்படித்தான் வரும். கூட வந்த அம்மா கலங்கிப்போனார். துருவிக் கேட்ட பிறகு, "ஆபீஸ் போறப்ப மட்டும் போட்டேன்" என்று அந்த இளைஞர் இழுத்தார். அதாவது தினமும்! உண்மையாகவே கழற்றி வைத்துவிட்டு வந்தபோது படம் சீராக இருந்தது, பவரும் மாறியிருந்தது.

அவருக்கு வீண் பயத்தோடு போயிற்று. தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. நிஜமான கெரடோகோனஸை 'லென்ஸ் செய்த வேலை' என்று ஒதுக்கிவிட்டு லேசர் செய்தால், ஏற்கெனவே பலவீனமான கருவிழி மேலும் மெலிந்து புடைத்துக்கொண்டே போகும். அப்புறம் சாதாரணக் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. அதனால் 'எத்தனை நாளாச்சு' என்று நான் கேட்பதே இல்லை. 'கடைசியாகப் போட்ட தேதி என்ன?' என்பேன். தேதி கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள்.

பவர் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவசரப்படுவது

ஒரு வருடத்தில் பவர் 0.5 டயாப்டருக்கு (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) மேல் மாறியிருந்தால், பொறுங்கள்.

'அவருக்குச் செய்தார்கள், எனக்கு ஏன் முடியாது?'

கருவிழியின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும்; சராசரி சுமார் 540 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). லேசிக்கில் மேலே ஒரு மெல்லிய மடிப்பை வெட்டித் திறந்து, டயாப்டருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை சீவுகிறார்கள். அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். 300 கேட்கும் மருத்துவர்களும் உண்டு. கணக்கு இடிக்கிறதென்றால் பிஆர்கே (மடிப்பு வெட்டாமல் செய்யும் லேசர்), கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் என்று வேறு வழிகளைப் பற்றிக் கேளுங்கள்.

வெள்ளெழுத்தை மறப்பது

மைனஸ் 2, 3 பவர் உள்ளவர் 45 வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார். லேசர் செய்தால் அந்தச் சலுகை போய்விடும். தூரம் தெளிவாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.

கண் வறட்சியை மறைப்பது

சொல்லிவிடுங்கள். லேசர் அதைக் கூட்டத்தான் செய்யும்.

பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுவது

பின்னாளில் கண்புரை வந்தால், உள்ளே பொருத்தும் லென்ஸின் பவரைக் கணக்கிட லேசருக்கு முந்தைய அளவுகள் உதவும். போனில் ஒரு படம், வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.