பழைய கட்டடத்தைத் திருத்துகிறீர்களா? சீமெந்து மூட்டை வெளியே இருக்கட்டும்

திருகோணமலை உள்துறைமுக வீதிப் பக்கம் ஒரு பழைய கட்டடம் கையில் கிடைத்து, பகலில் நாலு பேர் மடிக்கணினியோடு வேலை செய்யவும் பின்னேரம் கூத்தோ கவியரங்கோ வைக்கவும் இடம் பண்ணலாம் என்று இறங்குபவர்கள் முதலில் மேசனைக் கூப்பிட்டு உதிர்ந்த சுவருக்கெல்லாம் சீமெந்து பூசச் சொல்கிறார்கள். அதைத்தான் செய்யக் கூடாது.

முருகைக்கல்லும் (கடலில் எடுக்கும் பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவர் நிலத்து ஈரத்தை இழுக்கும், பிறகு வெளியே விட்டுவிடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். நம்முடையது கடற்கரை ஊர் வேறு, ஈரத்தோடு உப்பும் இருக்கும், அது காய்ந்து படிகமாகும்போது கல்லையே மாவாக்கிவிடும். பார்வைக்குப் புதுச்சுவர்; தட்டினால் பொள்ளல் சத்தம். "பலத்துக்குக் கொஞ்சம் சீமெந்து கலப்போம்" என்று மேசன் பாஸ் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். பிளாஸ்டிக் பெயின்றும் இதே கேடுதான், சுண்ணாம்பு அடித்தாலே போதும்.

அப்புறம் காலம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் சுண்ணாம்புப் பூச்சு காயாது. சரி, கச்சான் வீசும் மாதங்களில் செய்யலாமே என்றால், அந்த அனல் காற்று அதை அவசரமாக உலர்த்தி வெடிக்க வைத்துவிடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல எடுத்துத்தான் இறுகும், அதுவரை ஈரம் வேண்டும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஆள் வைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டியதுதான். இந்தக் கூலியைக் கணக்கில் போடாதவர்கள்தான் பாதியில் சீமெந்துக்குத் தாவுகிறார்கள்.

விறாந்தையைக் கண்ணாடி போட்டு அடைத்து ஏசி பூட்டுவது அடுத்த ஆசை. வெயிலையும் சாரலையும் சுவரில் படாமல் தடுப்பதே அந்த விறாந்தை. உயர்ந்த கூரையும் எதிரெதிர் யன்னல்களும் ஏற்கனவே இருக்கின்றன, மின்விசிறி போட்டுப் பாருங்கள். ஏசி இல்லாமல் முடியாதென்றால் ஒரு சின்ன அறைக்கு மட்டும்.

வயர் இழுக்கச் சுவரை வெட்டாதீர்கள், வெளியே குழாயில் ஓடட்டும். மரத்தளம் என்றால் நூறு கதிரை அடுக்குமுன் பொறியியலாளர் ஒருவர் தளத்தைத் தாங்கும் மரவளைகளைக் கறையானுக்கும் சேர்த்துப் பார்க்கட்டும்.

1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் கட்டடம் வருகிறதா என்று தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் கூரை ஓடு ஒன்றையாவது கழற்ற வேண்டும். கழிப்பறையைப் பழைய சுவரோடு ஒட்டாமல் பின்வளவில் தனியாகக் கட்டினால் குழாய்க் கசிவுத் தொல்லையும் இல்லை, அனுமதி கேட்கும்போது விளக்கவும் இலகு.