எம்.எஸ். விண்ணப்பத்தில் நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் எம்.எஸ். (முதுகலைப் பட்டம்) படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் எஸ்.ஓ.பி.யை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் நோக்கக் கட்டுரையை, படித்துத் திருத்திக் கொடுப்பதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளில் படித்தவர்கள். மார்க் இருக்கும், ப்ராஜெக்ட் இருக்கும், ஆனால் விண்ணப்பத்தைப் படித்தால் அதற்குள் அந்த ஆள் மட்டும் இருக்க மாட்டார். அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

"சிறு வயதிலிருந்தே எனக்கு இந்தத் துறையில் ஆர்வம்" என்று எஸ்.ஓ.பி.யை ஆரம்பிக்காதீர்கள். போன வருடம் திருப்பூர்ப் பெண் ஒருவர் சுற்றுச்சூழல் பொறியியலுக்கு எழுதியிருந்தார். முதல் மூன்று பத்தியும் இயற்கையை நேசிப்பது பற்றி. நான்காவது பத்தியில், போகிற போக்கில், சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு மாதம் இருந்து ஆர்.ஓ. மெம்பரேன் (நீரை வடிகட்டும் சவ்வு) எத்தனை நாளில் அடைத்துக்கொள்கிறது, அப்போது அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று குறித்துவைத்ததாக ஒரே ஒரு வரி. "ஏம்மா, இதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். "அது சின்ன வேலைதானே அக்கா" என்றார். சின்ன வேலை இல்லை. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையில் ஓடும் ஊர் அது, அங்கே மெம்பரேன் அடைத்துக்கொண்டால் அதற்குப் பின்னால் இருக்கும் ஆவியாக்கிக்குப் போகிற நீரின் அளவு ஏறும், எரிபொருள் செலவு ஏறும். இதை நேரில் பார்த்தவர் அவர். முதல் மூன்று பத்தியைத் தூக்கிவிட்டு அந்த ஒரு வரியை ஒரு பக்கமாக எழுதச் சொன்னேன்: என்ன அளந்தாய், எது சரியாக வரவில்லை, எந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கடைசிக் கேள்விதான் மேலே படிக்க வேண்டியதன் காரணம்.

உங்களுக்கும் இப்படி ஒரு வரி எங்காவது இருக்கும். முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு செய்யும் ப்ராஜெக்ட் எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது, பரவாயில்லை, அதையே செய்திருந்தாலும் வெளிச்சம் குறைவான வகுப்பறையில் உங்கள் ப்ரோகிராம் எங்கே தடுமாறியது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் அது உங்களுடையதாகிவிடும். ரெஸ்யூமில் இருப்பதையே வாக்கியமாக மாற்றி எழுதுவதும், சீனியர் கொடுத்த எஸ்.ஓ.பி.யில் பெயரை மட்டும் மாற்றுவதும் வேண்டவே வேண்டாம். கன்சல்டன்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்ததை நிறையப் பார்த்துவிட்டேன், நான்கு பேருக்கு ஒரே நடை. அப்புறம், "உலகத்தரம் வாய்ந்த ஆசிரியர்கள், நவீன ஆய்வகங்கள்" என்று பல்கலைக்கழகத்தைப் புகழும் பத்தி. அந்தப் பத்தியை வேறொரு பல்கலைக்கழகத்துக்கு அப்படியே அனுப்ப முடியும் என்றால் அதை எடுத்துவிடுங்கள். எந்தப் பாடம், எந்த ஆய்வகம், உங்கள் வேலையோடு அது எங்கே சேர்கிறது என்று மூன்று வரி இருந்தால் போதும்.

அடுத்தது எல்.ஓ.ஆர்., அதாவது ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம். "நீயே எழுதிக்கொண்டு வாப்பா, நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்று சார் சொல்வது நம் கல்லூரிகளில் சர்வசாதாரணம். பிள்ளைகளும் ஒரே ராத்திரியில் மூன்று கடிதம் எழுதிவிடுகிறார்கள். மூன்றிலும் அதே சொற்கள், அதே வாக்கிய அமைப்பு, போதாததற்கு எஸ்.ஓ.பி.யிலும் அதே. வரிசையாகப் படிக்கிறவருக்கு இது தெரியாமல் போகாது. சார் பெயரில் நீங்களே ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து, பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பில் நீங்களே கடிதத்தை ஏற்றுவது இன்னும் மோசம், அது நேரடியான மோசடி, கண்டுபிடித்தால் கிடைத்த இடமும் போகும். அதற்குப் பதிலாக ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: அவரிடம் எந்த செமஸ்டரில் என்ன பாடம் படித்தீர்கள், ப்ராஜெக்டில் அவர் எதைத் திருத்தச் சொன்னார், நீங்கள் என்ன மாற்றினீர்கள். பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொற்களில் ஆறு வரி வந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம். பதவிக்காகத் துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) போகாதீர்கள், உங்கள் பெயரைக்கூட ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்பவர் என்ன எழுதுவார்? ப்ராஜெக்ட் கைடு இளையவராக இருந்தாலும் அவரே மேல். குறைந்தது ஆறு வாரம் முன்னால் கேளுங்கள்.

நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இனிஷியல். மார்க் ஷீட்டில் "கார்த்திகா எம்." என்றும் பாஸ்போர்ட்டில் "கார்த்திகா முருகேசன்" என்றும் இருக்கும். ஜி.ஆர்.இ. (மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு), டோஃபல் (ஆங்கிலத் தேர்வு), விண்ணப்பம் மூன்றுக்கும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயரைக் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அங்கே போன பிறகு வங்கி, லைசென்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும், அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிடுங்கள்.

மார்க் விஷயம் சுருக்கமாக. 10-க்கு இருக்கும் சி.ஜி.பி.ஏ.வை அவர்கள் கேட்காமல் 4-க்கு மாற்றிப் போடாதீர்கள். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம், அழவும் வேண்டாம், காரணத்தையும் பிறகு எப்படி எழுந்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். ஜி.ஆர்.இ. பல துறைகளில் இப்போது கட்டாயமில்லை, துறையின் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 வருடம் செல்லும், டோஃபல் 2 வருடம்தான். தேர்வன்றே நான்கு இடங்களுக்கு ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம், எனவே பட்டியலை முடிவுசெய்துகொண்டு தேர்வுக்குப் போங்கள். கூடவே ஜெர்மனிக்கும் போடுகிறவர்கள் ஏ.பி.எஸ். சான்றிதழை (நம் கல்விச் சான்றுகளை ஜெர்மனி தரப்பு சரிபார்த்துத் தருவது) முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள், 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு அது இல்லாமல் முடியாது.

கடைசி நாள் டிசம்பர் 15 இரவு 11:59, நியூயார்க் நேரம் என்றால் நமக்கு அது 16-ஆம் தேதி காலை 10:29. அந்தக் காலையை நம்பி உட்காராதீர்கள். இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டால், ஏற்றிய டிரான்ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்கும்போது மூன்றாம் பக்கம் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்தாலும், அலுவலகத்துக்கு மெயில் போட்டு மாற்றிக் கொடுக்க நேரம் இருக்கும்.