நிலக்கரி வைரமாகாது: வைரம் பிறந்த கதையில் எல்லாரும் சறுக்கும் இடங்கள்

"அழுத்தம் தாங்கிய நிலக்கரிதான் வைரமாகிறது" என்ற ஊக்க வாசகம் உங்களுக்கும் காலை வணக்கத்தோடு வந்திருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. நிலக்கரி என்பது செடிகொடிகள் புதைந்து மக்கியது. நிலத்தில் செடிகள் வந்தே 50 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. பெரும்பாலான வைரங்கள் 100 கோடியைத் தாண்டியவை, சில 300 கோடியையும் தாண்டியவை. பேரன் பிறப்பதற்கு முன்பே தாத்தாவை அவன் பெற்றான் என்று சொல்வது மாதிரி இருக்கிறது. அப்புறம் ஆழம்: நிலக்கரி இருப்பது மேலே சில கிலோமீட்டருக்குள், சாதாரண வைரம் உருவாவதோ 150, 200 கிலோமீட்டர் கீழே, பழைய கண்டங்களின் தடித்த அடிப்பகுதியில். அதற்காக மேற்பரப்புக் கார்பன் எதுவுமே வைரமாவதில்லை என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். கடல்தரைப் பாறை கண்டத்துக்கு அடியில் சொருகிக்கொண்டு இறங்கும்போது அதோடு போகும் கார்பன் வைரமானதற்குத் தடயங்கள் உண்டு. அது நிலக்கரி இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த சறுக்கல், கார்பனை நசுக்கினால் போதும் என்று நினைப்பது. அழுத்தமும் 1000 டிகிரியை ஒட்டிய வெப்பமும் வேண்டும்தான், ஆனால் பூமிக்குள் நடப்பது நசுக்கல் இல்லை. பாறை இடுக்குகளில் ஊர்ந்து போகும் திரவத்திலோ உருகிய குழம்பிலோ கார்பன் கரைந்திருக்கும், சூழல் மாறும் இடத்தில் அது படிந்து படிகமாகும். உப்புத்தண்ணீர் வற்ற வற்ற உப்பு கட்டுவதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்த மாதிரி. (பாதிதான். இங்கே வற்றுவது எதுவுமில்லை, வேதிச்சூழல்தான் மாறுகிறது.)

எரிமலைதான் வைரத்தைச் செய்கிறது என்பதும் பரவலான பிழை. கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்பு வைரத்தை மேலே ஏற்றிவந்த வண்டி மட்டுமே. தென் ஆப்பிரிக்காவின் கிம்பர்லி பகுதியில் அந்த வண்டி வந்தது ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதில் ஏறிவந்த பயணிகளோ அதைவிடப் பல மடங்கு கிழடுகள். இந்த வண்டி வேகமாக வந்தாக வேண்டும், சில மணி நேரமோ சில நாட்களோ என்பதுதான் கணிப்பு. மெதுவாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மொராக்கோவில் பெனி புசேரா என்ற இடத்தில் சாட்சி இருக்கிறது. அங்குள்ள பாறையில் எட்டு முகம் கொண்ட, அச்சு அசலாக வைர வடிவம் கொண்ட கட்டிகள் கிடைக்கின்றன, எல்லாமே கிராஃபைட், பென்சிலில் இருக்கிற அதே கறுப்பு. ஒரு காலத்தில் வைரமாக இருந்து, சூடு ஆறாமலே நிதானமாக மேலேறி, வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை விட்டவை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். எல்லா வைரமும் ஒரே ஆழத்தில் ஒரே விதமாகத்தான் உருவாகும் என்று எழுதிவிடாதீர்கள். 1905இல் தென் ஆப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 கேரட், அதாவது 600 கிராமுக்கு மேல். இப்படிப் பெரிதாக, தெளிவாக, கோணல்மாணலான உருவத்தில், நைட்ரஜன் இல்லாத அளவுக்குச் சுத்தமாக வரும் கற்கள் ஒரு தனிச்சாதி. 2016இல் வெளிவந்த ஆய்வு, இவற்றுக்குள் இருக்கும் நுண்துகள்களைப் பார்த்தது. முன்பு கிராஃபைட் என்று ஒதுக்கப்பட்ட கறுப்புப் புள்ளிகள் உண்மையில் இரும்பும் நிக்கலும் கார்பனும் கந்தகமும் கலந்த உலோகம், அதைச் சுற்றி மெல்லிய மீத்தேன் படலம். கூடவே இருந்த கார்னெட் என்ற கனிமத்தின் துகள்களைக் கொண்டு கணித்த ஆழம் 360 முதல் 750 கிலோமீட்டர். பூமியின் மேலோட்டுக்கும் நடுக்கருவுக்கும் இடையிலுள்ள மேன்டில் என்ற அடுக்குக்குள் உருகிய உலோகத் திட்டுகளில் வளர்ந்த வைரங்கள் இவை.

இங்கேதான் நகைக்கண்ணுக்கும் அறிவியல் கண்ணுக்கும் சண்டை. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரக் குற்றங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயரே இருக்கிறது, அந்த அளவுக்கு உள்ளே இருக்கும் புள்ளி மேல் வெறுப்பு. பட்டை தீட்டுபவர் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான். ஆனால் வைரம் எங்கே பிறந்தது என்று தெளிவாகச் சொல்லக்கூடியது பெரும்பாலும் அந்தப் புள்ளிதான். அப்பழுக்கற்ற வைரம் அவ்வளவாக வாய் திறக்காது. மேலே சொன்ன ஆய்வுக்குக் கிடைத்தவற்றில் சிலவும் பட்டை தீட்டியபின் மிஞ்சிய துண்டுகள்தான்.

பிரேசிலின் ஜூயினா பகுதியில் ஆற்றுச் சரளையில் எடுத்த பழுப்பு வைரம் ஒன்று சில மில்லிமீட்டர்தான் இருக்கும், அழுக்காக, நகைக்கு ஆகாதது. அதற்குள் தலைமுடிப் பருமன்கூட இல்லாத ஒரு துகள் ரிங்வுடைட் என்று 2014இல் அறிவித்தார்கள். சுமார் 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்துக்கு உரிய கனிமம் அது, அதன் எடையில் சுமார் ஒன்றரை சதவீதம் நீர். உடனே "பூமிக்கு அடியில் பிரம்மாண்டக் கடல்" என்று தலைப்புகள் பறந்தன. தயவுசெய்து அதை நீங்களும் சொல்லாதீர்கள். அது அலையடிக்கும் தண்ணீர் இல்லை, படிகத்தின் கட்டமைப்புக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிணைந்து கிடப்பது. பிழிந்தால் சொட்டாது. ஒரே ஒரு துகளை வைத்து அந்த அடுக்கு முழுக்க ஈரம் என்று சொல்லவும் முடியாது.

நிறத்தில் இன்னொரு குழப்பம். நிறம் என்றாலே ஏதோ கலப்படத் தனிமம் என்று நினைக்கிறோம். மஞ்சளுக்கு நைட்ரஜன், நீலத்துக்கு போரான், அதுவரை சரி. ஆனால் பெரும்பாலான இளஞ்சிவப்பு வைரங்களில் நிறத்துக்குக் காரணமாக எந்தத் தனிமமும் இல்லை, கண்டங்கள் மோதும்போது முறுக்கப்பட்டுப் படிக அடுக்கு வளைந்து நெளிந்ததால் வந்த நிறம். ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம், 2020இல் மூடப்படும் வரை, இவற்றுக்குத் தாய்வீடாக இருந்தது. பச்சை பெரும்பாலும் பக்கத்துப் பாறையின் கதிர்வீச்சு பட்டு, அதுவும் மேலே வந்தபின் ஏறுவது. நீலத்தில் எனக்குப் பிடித்த முடிச்சு ஒன்று உண்டு: போரான் பூமியின் மேலோட்டுக்காரன், மேன்டிலில் அது அரிது. நீல வைரங்களோ, 46 கற்களை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, 660 கிலோமீட்டர் வரையோ அதற்கும் கீழேயோ பிறந்தவை. கடல்தரைப் பாறை போரானைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் இறங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். புகழ்பெற்ற நீலக் கல்லான ஹோப் வைரத்தின் நிறம் பழைய கடல்தரையின் மிச்சமாக இருக்கலாம்.

கடைசியாக, எல்லா வைரமும் ஆழத்திலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. சைபீரியாவின் போபிகாய் பள்ளத்தில் சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது அங்கிருந்த கிராஃபைட் கண்ணிமைக்கும் நேரத்தில் வைரமானது. கார்பனாடோ என்ற கருவைரம் இன்னொரு புதிர். பிரேசிலிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் கிடைக்கிறது, கிம்பர்லைட்டில் கிடைத்ததே இல்லை, ஒற்றைப் படிகமாக இல்லாமல் பொடிப்பொடிப் படிகங்கள் ஒட்டிய, துளைகள் நிறைந்த கட்டி. விண்வெளியிலிருந்து வந்தது என்று சிலர் முடிவாகவே எழுதுகிறார்கள், ஆனால் அது போட்டியிடும் கருத்துகளில் ஒன்றுதான், வழக்கு இன்னும் தீரவில்லை. உலகிலேயே பெரிய வைரம் கல்லினன் என்று சொல்பவர்களும் இங்கே இடறுவார்கள்: 1895இல் பிரேசிலில் கிடைத்த செர்ஜியோ என்ற கார்பனாடோ 3,167 கேரட். பார்க்கக் கரிக்கட்டை மாதிரி இருந்த அதைத் துண்டு துண்டாக உடைத்து, பாறை துளைக்கும் கருவிகளுக்குப் பல்லாக வைத்துவிட்டார்கள்.